மேலே கார், கீழே கடை: நியூ ஹேவன் நகரம் போட்ட கணக்கு

கோயிலுக்கு வரலாறு உண்டு, கோட்டைக்கு வரலாறு உண்டு. கார் நிறுத்தும் கட்டிடத்துக்குமா வரலாறு? கார் வருகிறது, நிற்கிறது, போகிறது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

நிறையவே இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்க நகரங்கள் பல தங்கள் எதிர்காலத்தையே இந்தக் கட்டிடங்களின் மீது பணயமாக வைத்தன. கடைவீதி பிழைக்க வேண்டும் என்றால் காருக்கு இடம் வேண்டும். காருக்கு இடம் கொடுத்தால் வீதி செத்துப்போகும். என்ன செய்வது? அதற்குக் கண்டுபிடித்த சமாதானம்தான் "மேலே கார், கீழே கடை". மேல் மாடிகளில் கார்களை அடுக்கிவிட்டு, தரைத்தளத்தில் வீதியைப் பார்த்தபடி கடைகளை வைத்துவிடுவது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல யோசனை கிடையாது.

கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரம் இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1963-ல் திறந்த அதன் டெம்பிள் ஸ்ட்ரீட் கார் நிறுத்தகம் இன்றும் நிற்கிறது. அது யாரைக் காப்பாற்றக் கட்டப்பட்டதோ, அந்தப் பெரிய கடைகள் இன்று இல்லை! இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கார் பெருகியது, இடம் பெருகவில்லை

1920-ல் அமெரிக்காவில் இருந்த கார்கள் சுமார் 80 லட்சம். 1950-ல் அது சுமார் 4 கோடி. முப்பது வருடத்தில் ஐந்து மடங்கு. ஆனால் நகர மையத்து வீதிகளின் அகலம் ஓர் அடிகூடக் கூடவில்லை. குதிரை வண்டிக்கும் டிராமுக்கும் போட்ட வீதிகள் அவை.

முதலில் நகரங்கள் செய்தது வீதியோரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. 1935 ஜூலையில் ஒக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வைக்கப்பட்டது. அதன் நோக்கம் காசு சேர்ப்பது மட்டும் அல்ல. காலையில் வேலைக்கு வந்தவர் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுப்பார். அதனால் பொருள் வாங்க வருபவருக்கு இடம் இருக்காது. மீட்டர் வைத்தால் கார்கள் மாறி மாறி வரும்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு இடத்தில் ஒரே கார் பத்து மணி நேரம் நின்றால் கடைக்கு ஒரு வாடிக்கையாளர்கூட நிச்சயம் இல்லை. அதே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கார் மாறினால் ஐந்து வாடிக்கையாளர்கள். வணிகவியலில் சரக்கு விற்றுமுதல் என்று படிப்பதன் இன்னொரு வடிவம் இது. நிற்கும் காரைவிட மாறும் கார்தான் கடைக்கு லாபம்.

மீட்டரும் போதவில்லை என்றபோது நகராட்சிகளே கட்டிடம் கட்ட இறங்கின. 1942-ல் சான் ஃபிரான்சிஸ்கோ தன் யூனியன் சதுக்கப் பூங்காவுக்கு அடியிலேயே கார் நிறுத்தகம் கட்டியது. மேலே பூங்கா, கீழே கார். 1947-ல் பிட்ஸ்பர்க் நகரம் பார்க்கிங்குக்கென்றே ஒரு தனி ஆணையம் அமைத்தது. நியூ ஹேவனில் அப்படி ஓர் ஆணையம் 1951-ல் வந்தது. இந்த ஆணையங்கள் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும், வசூலாகும் கட்டணத்திலிருந்து வட்டியும் அசலும் கட்டும்.

இதற்கிடையில் புறநகரில் ஒரு புது எதிரி முளைத்தது. 1956 அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தின் எடைனாவில் சவுத்டேல் என்ற முழுக்க மூடிய, குளிரூட்டப்பட்ட வணிக வளாகம் திறந்தது. விக்டர் க்ரூயன் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்தது. அங்கே சுமார் 5,200 கார்கள் நிறுத்தலாம், அதுவும் இலவசமாக! நகர மையத்து வியாபாரிகளுக்கு வயிற்றில் புளி கரைந்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டே ஓட்டில் தோற்றவர்

நியூ ஹேவன் பழைய நகரம். 1638-ல் பியூரிட்டன் குடியேறிகள் அமைத்தது. நடுவில் கிரீன் என்ற பொதுத் திடல், அதைச் சுற்றி எட்டுக் கட்டங்கள், ஆக மொத்தம் ஒன்பது சதுரங்கள். யேல் பல்கலைக்கழகம் திடலின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. வின்செஸ்டர் துப்பாக்கித் தொழிற்சாலை போன்றவை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த ஊர் அது.

1950-ல் நகரத்தின் மக்கள் தொகை 1,64,443. அடுத்த பத்து வருடத்தில் அது 1,52,048 ஆகக் குறைந்தது. போனவர்கள் பெரும்பாலும் கார் வாங்கவும் புறநகரில் வீடு வாங்கவும் வசதி உள்ளவர்கள். அவர்களோடு சேர்ந்து அவர்களின் பணப்பையும் வெளியே போனது.

இந்த நேரத்தில் வந்தவர் ரிச்சர்ட் லீ. 1949-ல் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். 1951-ல் மீண்டும் நின்றார், இரண்டே இரண்டு ஓட்டில் தோற்றார்! 1953-ல் ஜெயித்தார். அதன்பிறகு 1970-ன் தொடக்கம் வரை, பதினாறு வருடம் அவர்தான் மேயர். நகரத்தைப் புதுப்பிப்பதுதான் அவருடைய ஒரே முழக்கம். அவருக்கு வலது கையாக இருந்தவர் எட்வர்ட் லோக் என்ற யேல் சட்டப் பட்டதாரி.

லீயின் நியூ ஹேவன் நாடு முழுவதும் பேசப்பட்டது. அரசியல் அறிவியலில் இன்றும் பாடமாக இருக்கும் ராபர்ட் டாலின் "ஹூ கவர்ன்ஸ்?" என்ற 1961-ம் வருடப் புத்தகம் இந்த நகரத்தை வைத்து எழுதப்பட்டதுதான். ஒரு நகரத்தில் உண்மையில் ஆள்வது யார் என்ற கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட மூன்று விஷயங்களில் ஒன்று இந்த நகரப் புதுப்பிப்பு.

பணம் எங்கிருந்து வந்தது?

1949-ம் வருட வீட்டுவசதிச் சட்டப்படி ஒரு நகரம் பாழடைந்த பகுதி என்று ஓர் இடத்தை அறிவித்து, வாங்கி, இடித்து, சுத்தம் செய்து தனியாருக்கு விற்றால், அதில் வரும் நிகர நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு கொடுக்கும். மீதி ஒரு பங்குதான் உள்ளூரின் பொறுப்பு. அந்த ஒரு பங்கையும் ரொக்கமாகத் தர வேண்டியதில்லை. திட்டத்துக்குப் பயன்படும் பள்ளிக்கூடம், சாலை போன்ற பொதுப் பணிகளைக் கட்டி, அந்தச் செலவை நகரத்தின் பங்காகக் கணக்கில் காட்டலாம். இந்தக் கணக்கு வித்தையில் லோக் கெட்டிக்காரர்.

1956-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் இன்னும் தாராளம். மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைக்கு 90 சதவீதம் மத்திய அரசின் பணம். இதையெல்லாம் பயன்படுத்தி, ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மற்ற எந்தப் பெரிய நகரத்தைவிடவும் அதிகமாகப் புதுப்பிப்பு நிதி வாங்கியது நியூ ஹேவன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்தவர் பணம் மூன்றில் இரண்டு பங்கு வரும்போது, "இது நமக்குத் தேவையா?" என்ற கேள்வி மெதுவாக "இதை விட்டுவிட முடியுமா?" என்று மாறிவிடும். எந்த நகரத்துக்கும் இது பொருந்தும்.

முதலில் போனது ஓக் ஸ்ட்ரீட்

நெடுஞ்சாலையை நகர மையத்தின் வாசல் வரை கொண்டுவந்தால்தான் புறநகர்க்காரர் வருவார் என்பது திட்டம். அந்தச் சாலை போக வேண்டிய இடத்தில் ஓக் ஸ்ட்ரீட் என்ற குடியிருப்பு இருந்தது. யூதர்கள், இத்தாலியர்கள், கறுப்பின மக்கள் என்று பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை, தையல் கடை என்று சின்னச் சின்னத் தொழில்கள் நிறைந்த வீதி.

வீடுகள் மோசமாக இருந்தன என்பது உண்மை. அங்கே வாழ்ந்தவர்களில் அதை மறுப்பவர் குறைவு. ஆனால் கொடுக்கப்பட்ட மருந்து, வீட்டைச் சீர் செய்வது அல்ல, வீதியையே எடுத்துவிடுவது. 1950-களின் பின்பாதியில் 800-க்கும் மேற்பட்ட குடும்பங்களும், நூற்றுக்கணக்கான சிறு தொழில்களும் அகற்றப்பட்டன. 1959-ல் அங்கே ஓக் ஸ்ட்ரீட் இணைப்புச் சாலை திறந்தது. பள்ளம் தோண்டிப் போட்ட அகலமான விரைவுச் சாலை. நகர மையம் ஒரு பக்கம், ஹில் என்ற குடியிருப்புப் பகுதி மறுபக்கம் என்று ஊர் இரண்டாகப் பிளந்தது.

நகர மையத்துக்குத் தெற்கே இருந்த அந்த மக்கள் கடைக்கு வர காரும் வேண்டாம், பார்க்கிங்கும் வேண்டாம், காலே போதும். அப்படி நடந்து வந்த வாடிக்கையாளரை வெளியேற்றிவிட்டு, காரில் வரப்போகும் வாடிக்கையாளருக்காகக் கட்டிடம் கட்ட ஆரம்பித்தது நகரம். நடந்து வந்தவர்கள் நிச்சயம், காரில் வருபவர்கள் எதிர்பார்ப்பு மட்டும். கணக்கில் முதல் தவறு இங்கேதான்.

ருடால்ஃபின் கான்கிரீட் பாலம்

கிரீன் திடலுக்குத் தெற்கே இருந்த பழைய கட்டிடங்களை இடித்துப் புதிய கடைவீதி அமைப்பது சர்ச் ஸ்ட்ரீட் திட்டம். அதைக் கட்ட முன்வந்தவர் ரோஜர் ஸ்டீவன்ஸ். பிராட்வே நாடகத் தயாரிப்பாளர், நிலத் தொழிலதிபர், 1951-ல் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தை வாங்கிய குழுவில் இருந்தவர். ஆனால் பெரிய கடைகள் வருவோம் என்று உறுதி சொல்லாததால் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. இடித்த இடம் வெற்றுப் பள்ளமாகக் கிடந்தது. கடைசியில் 1852-லிருந்து அதே ஊரில் வியாபாரம் செய்துவந்த மாலீஸ் என்ற துணிமணிப் பெருங்கடை புதுக் கட்டிடத்துக்கு மாறியது. பக்கத்திலேயே நியூ யார்க்கின் புகழ்பெற்ற மேசீஸ் கடையும் வந்தது.

இந்த இரண்டு கடைகளுக்கும் பின்னால், அவற்றுக்காகவே கட்டப்பட்டதுதான் டெம்பிள் ஸ்ட்ரீட் கார் நிறுத்தகம். வடிவமைத்தவர் பால் ருடால்ஃப். அப்போது அவர் யேல் பல்கலைக்கழகக் கட்டிடக்கலைத் துறையின் தலைவர்.

மற்ற கார் நிறுத்தகங்கள் கண்ணாடி மாட்டாத அலுவலகக் கட்டிடம் போல இருக்கின்றன, காருக்கான கட்டிடம் காரின் ஓட்டத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே இரண்டு தெருக்கட்டங்கள் நீளத்துக்கு, நடுவில் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டின் மேலாகத் தாண்டிப் போகும்படி, ரோமானியர்களின் நீர்ப்பாலம் போல வரிசை வரிசையாக வளைவுகளை எழுப்பினார். கான்கிரீட்டை ஊற்றப் பயன்படுத்திய மரப் பலகைகளின் வரி இன்றும் தூண்களில் தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். முதலில் போட்ட திட்டம் இதைவிடப் பெரியது. விரைவுச் சாலையின் மேலாகவும் தாண்டி நீள வேண்டியது அது. அவ்வளவு நீளம் கட்டப்படவில்லை. கட்டியவரை 1963-ல் திறந்தார்கள்.

கட்டிடக்கலை மாணவர்கள் இன்றும் அதைப் பார்க்கப் போகிறார்கள். அழகில் குறை சொல்ல முடியாது.

கீழே கடை வைப்பது ஏன் கஷ்டம்?

டெம்பிள் ஸ்ட்ரீட் நிறுத்தகத்தின் தரைத்தளத்தில் வீதியைப் பார்த்தபடி கடைகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். இது நல்ல முடிவுதான். கடை இல்லாத கார் நிறுத்தகம் என்றால் நடந்து போகிறவருக்கு வெறும் சுவரும் புகையும்தான். ஆனால் இப்படிக் கடை வைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

ஒரு கார் நிற்க வேண்டுமானால் காரின் அளவு இடம் மட்டும் போதாது. வர, திரும்ப, போக வழியும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரு காருக்குச் சுமார் 30 சதுர மீட்டர். ஒரு பேச்சுக்கு, தரைத்தளத்தில் 100 கார் நிறுத்தும் இடத்தைக் கடைகளுக்குக் கொடுத்தால் 3,000 சதுர மீட்டர் போகிறது. அந்த 100 கார்களையும் மேலே ஏற்ற வேண்டும். மேலே ஏற ஏறக் கட்டுமானச் செலவும் கூடும், ஓட்டுபவரின் பொறுமையும் குறையும்.

அதோடு, கார் நிற்கும் தளத்துக்குக் கூரை தாழ்வாக இருந்தால் போதும், தரை கொஞ்சம் சரிவாகக்கூட இருக்கலாம். கடைக்கோ உயரமான கூரை வேண்டும், சமமான தரை வேண்டும், குழாய், மின்சாரம், காற்றோட்டம், தீத்தடுப்பு எல்லாம் தனியாக வேண்டும். கார் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் அதே வீதிமுகத்தைப் பங்கு கேட்கும்.

எல்லாம் செய்து கடை திறந்தாலும் கடைக்கு வாடகை கட்டும் அளவு வியாபாரம் வேண்டும். அது எதைப் பொறுத்தது? மேலே எத்தனை கார் நிற்கிறது என்பதை அல்ல. வாசலைக் கடந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கார் நிறுத்தகத்தின் வருமானம் சக்கரத்தை எண்ணி வருவது. கடையின் வருமானம் காலை எண்ணி வருவது. இரண்டையும் ஒரே கட்டிடத்தில் வைக்கும்போது, மேலே இருப்பவர் கீழே இறங்கி வீதியில் நடந்தால்தான் கணக்கு ஒட்டும்.

இறங்காமலேயே போய்விட்டார்கள்

நியூ ஹேவனில் அதுதான் ஒட்டவில்லை. புறநகர்க்காரருக்கு எந்தச் சிரமமும் கூடாது என்று நினைத்தார்கள். விரைவுச் சாலையிலிருந்து நேராகக் கார் நிறுத்தகம். அங்கிருந்து நேராகப் பெருங்கடைக்குள் போக இணைப்பு வழி. மேசீஸை ஒட்டி 1960-களின் பின்பாதியில் திறந்த சேப்பல் ஸ்கொயர் வளாகமோ உள்பக்கம் பார்த்த கடைகள் கொண்டது. மழையில் நனைய வேண்டாம், பனியில் வழுக்க வேண்டாம். சவுத்டேலில் கிடைக்கும் அதே சொகுசு!

ஆனால் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி, பொருள் வாங்கி, மறுபடி வீட்டுக்குப் போகும்வரை நியூ ஹேவன் வீதியில் ஒரு அடிகூட வைக்க வேண்டியதில்லை என்றால், வீதியில் இருக்கும் கடைக்கு அவர் எப்படி வாடிக்கையாளர் ஆவார்? வழியில் ஒரு காபி, ஜன்னலில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு சட்டை, ஒரு செய்தித்தாள், செருப்புக்கு ஒரு தையல்... சிறு கடைகள் பிழைப்பது இப்படிப்பட்ட திட்டமிடாத செலவில்தான். கீழ்க் கடைகளுக்கு வர வேண்டிய கூட்டத்தை மேலே போட்ட வழி எடுத்துக்கொண்டது. ஒரே திட்டத்தின் ஒரு கை கட்டியதை மறு கை கலைத்தது.

சொகுசில் புறநகரை ஜெயிக்கவும் முடியவில்லை. புறநகர் வளாகத்தில் பார்க்கிங் இலவசம். இங்கே கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட வேண்டியிருந்ததால் கட்டணம் வசூலித்தாக வேண்டும். புறநகரிடம் இல்லாத ஒன்று நகர மையத்திடம் இருந்தது. பல விதமான ஆட்கள், பல விதமான கடைகள், நடக்க ஒரு வீதி. அந்த ஒன்றைத்தான் இடித்துவிட்டு, புறநகரின் ஆட்டத்தைப் புறநகரின் விதிப்படி ஆடப் போனார்கள்.

பிறகு நடந்தது வரிசையாக:

1967 ஆகஸ்டில், சாலைக்கு மறுபக்கம் இருந்த ஹில் பகுதியில் கலவரம் வெடித்தது. முன்மாதிரி நகரம் என்ற பெயர் ஒரே வாரத்தில் போனது.

1972-ல் அருகிலேயே கொலீசியம் என்ற விளையாட்டரங்கம் திறந்தது. நிலத்தடி நீர் மேலேயே இருந்ததால் கார் நிறுத்தகத்தைக் கீழே தோண்ட முடியாது என்று, சுமார் 2,400 கார்களுக்கான நிறுத்தகத்தை அரங்கின் கூரைக்கு மேலே வைத்தார்கள்! சுழல் சாலையில் ஏறிப் போக வேண்டும். 2002-ல் அரங்கம் மூடியது. 2007 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

1980-ல் நகர மக்கள் தொகை 1,26,109. முப்பது வருடத்தில் 38 ஆயிரம் பேர் குறைவு.

1982-ல் மாலீஸ் மூடியது. 130 வருட வியாபாரம் முடிந்தது. 1993-ல் மேசீஸும் மூடியது. இரண்டு கட்டிடங்களும் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்து, ஒன்று 1997-லும் மற்றொன்று 2007-லும் இடிக்கப்பட்டன. விரைவுச் சாலையும் நினைத்தபடி மேற்கே நீளவில்லை. அது போய் முடிந்த இடத்தில் இன்னொரு கார் நிறுத்தகம் எழுந்தது.

பெருங்கடைகள் மூடியதற்குக் கார் நிறுத்தகம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயம் இல்லை. தொழிற்சாலைகள் போனது, புறநகர் வளர்ந்தது, பெருங்கடைகள் நாடு முழுவதும் நலிந்தது எல்லாம் சேர்ந்த வினை அது. நல்ல பார்க்கிங் இல்லாததால்தான் கடைகள் மூடின என்று மட்டும் நியூ ஹேவனில் யாரும் சொல்ல முடியாது. பார்க்கிங் கடைசிவரை இருந்தது.

கச்சேரி முடிந்ததும் எங்கே போகிறார்கள்?

இது நியூ ஹேவனுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. பார்க்கிங் பொருளாதாரத்தைத் தன் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005-ல் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டு இசை அரங்கங்களை ஒப்பிட்டுக் காட்டினார்.

லாஸ் ஏஞ்சலிஸில் டிஸ்னி அரங்கம் கட்டத் தொடங்கியபோது, முதலில் கட்டியது ஆறு தளப் பாதாளக் கார் நிறுத்தகம். 2,188 கார்கள், செலவு 11 கோடி டாலர். அது 1996-ல் தயார், அரங்கம் திறந்ததோ 2003-ல்! பார்க்கிங் கடனை அடைக்க வேண்டும் என்பதால் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 128 கச்சேரிகள் நடத்தியாக வேண்டும் என்று குத்தகையில் எழுதினார்கள். இசைக்காகப் பார்க்கிங்கா, பார்க்கிங்குக்காக இசையா என்று கேட்கத் தோன்றுகிறது. ரசிகர்கள் காரை நிறுத்திவிட்டு நகரும் படிக்கட்டில் நேராக அரங்க முகப்புக்கு வந்துவிடலாம். வீதிக்கு வர வேண்டியதே இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவின் டேவிஸ் அரங்கம் 1980-ல் தனக்கென்று கார் நிறுத்தகம் இல்லாமலே திறந்தது. கச்சேரி முடிந்ததும் கூட்டம் வீதியில் இறங்குகிறது. சுற்றியிருக்கும் உணவகமும் புத்தகக் கடையும் அந்தக் கூட்டத்தில் பிழைக்கின்றன.

சரியாகச் செய்தவர்கள் உண்டா?

உண்டு. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரத்தைச் சொல்லலாம். அங்கே 1970-ல் நகர மையத்துக்கென்று ஒரு சிறப்பு வரி மாவட்டம் ஏற்படுத்தினார்கள். மாவட்டத்துக்குள் இருக்கும் கடைகளும் அலுவலகங்களும் தனித்தனியாகப் பார்க்கிங் கட்ட வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக மாவட்டமே கட்டும். 1977-ல் பேர்ல் ஸ்ட்ரீட் என்ற முக்கியக் கடைவீதியின் நான்கு கட்டங்களைக் கார் நுழையாத நடைவீதியாக மாற்றினார்கள்.

பொது நிறுத்தகங்களைக் கட்டியபோது தரைத்தளத்தில் வீதியோரமாகக் கடை வைத்தார்கள். நியூ ஹேவனும் வைத்ததுதானே? வித்தியாசம் என்னவென்றால், போல்டரில் காரை நிறுத்தியவர் எந்தக் கடைக்குள்ளும் நேராகப் போக முடியாது. கீழே இறங்கி, வீதியில் நடந்துதான் போக வேண்டும். நிறுத்தகத்தின் வாசலே கடைவீதியின் வாசல். கட்டணத்தில் வரும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நகர மையத்தில் வேலை செய்பவர்களுக்கு இலவசப் பேருந்து அட்டை வாங்கிக் கொடுத்தார்கள். வேலைக்கு வருபவர் பேருந்தில் வந்தால் அந்த இடம் கடைக்கு வருபவருக்குக் கிடைக்கும். புதிதாக ஒரு மாடி கட்டுவதைவிட ஒரு பேருந்து அட்டை மலிவு!

போல்டர் பல்கலைக்கழக ஊர், வசதியான ஊர் என்ற வாதம் சரிதான். தொழிற்சாலைகளை இழந்த நியூ ஹேவனோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் நியூ ஹேவனுக்கும் பல்கலைக்கழகம் இருந்தது, பழைய திடல் இருந்தது, நடந்து வரும் மக்களும் இருந்தார்கள். கையில் இருந்ததைக் கணக்கில் எழுத மறந்ததுதான் வித்தியாசம்.

இன்றைக்கு

மாலீஸும் மேசீஸும் இருந்த இடத்தில் 2012-ல் கேட்வே சமுதாயக் கல்லூரி திறந்தது. ருடால்ஃபின் கார் நிறுத்தகம் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. பெருங்கடை வாடிக்கையாளருக்காகக் கட்டிய மாடிகளில் இன்று மாணவர்களின் கார்கள் நிற்கின்றன. சேப்பல் ஸ்கொயர் வளாகமும் மூடப்பட்டு, அதன் கடைகள் வெளிப்பக்கம் வீதியைப் பார்த்துத் திருப்பப்பட்டன.

ஓக் ஸ்ட்ரீட்டை விழுங்கிய விரைவுச் சாலையை மூடி மறுபடியும் சாதாரண வீதியாக்கும் வேலைக்கு 2010-ல் மத்திய அரசு 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தது. சாலை ஓடிய இடத்தில் முதல் கட்டிடம் 2016-ல் திறந்தது. அந்த வீதியை எடுக்க ஒருமுறை அரசுப் பணம், திரும்ப ஒட்ட இன்னொரு முறை அரசுப் பணம். அங்கிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களை மட்டும் எந்த நிதியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இனி எந்த ஊரில் "மேலே கார், கீழே கடை" என்று திட்டப் படம் காட்டினாலும் ஒரு கேள்வி கேட்டால் போதும். காரை நிறுத்தியவர் எந்த வாசல் வழியாக வெளியே வருவார்? அந்த வாசல் வீதியில் திறந்தால் கீழே இருக்கும் கடை பிழைக்கும். வேறு எங்காவது திறந்தால், எத்தனை அழகான கட்டிடமாக இருந்தாலும், கொஞ்ச நாளில் கீழே "வாடகைக்கு" என்ற பலகைதான் தொங்கும்.